முதலிடத்துப் படத்தின் கடைசி வசனம்

"அந்த வசனம் படத்திலேயே இல்ல சார்" என்றார் பல் வைத்தியர்.

மன்றத்தில் எல்லோரும் டீ கிளாஸை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எந்த வசனம்?" என்று கேட்டார் முதல்தரம்.

எந்த வசனம் என்று அவருக்குத் தெரியும். மன்றத்துக்கே தெரியும். அவர் அதை மேற்கோள் காட்டாத கூட்டம் இல்லை. இருந்தாலும், ஒரு குற்றச்சாட்டை எதிராளி வாயாலேயே முழுதாகச் சொல்ல வைத்துவிட்டு உடைப்பதுதான் அழகு என்பது அவர் கொள்கை.

"அதான் சார். கலங்கரை விளக்கப் படத்துல கடைசியா அந்தப் பொம்பளை வாசல்ல நின்னு திரும்பிச் சொல்றாளாமே. 'சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவுங்க'ன்னு. நான் டிவிடி வாங்கிப் பாத்துட்டேன். அப்படி ஒண்ணும் சொல்லல."

முதல்தரம் என்பது அவருடைய பெயர் அல்ல. மெத்தைத் தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதகர். முதல்தரம், இரண்டாம்தரம், தள்ளுபடி என்று மூன்று முத்திரைகள் அவர் மேசையில் உண்டு. நாள் முழுக்க முத்திரை குத்திய கை, வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. பேருந்து ஓட்டுநர்கள், முடிதிருத்தும் கடைகள், அண்டை வீட்டு நாய்கள் எல்லாவற்றுக்கும் அவரிடம் தரவரிசை இருந்தது. மனைவியின் அண்ணன் தம்பிகளையும் ஒருமுறை வரிசைப்படுத்தி, அவர்கள் எதிரிலேயே அறிவித்தார். முதலிடம் பெற்றவர் மட்டும் இப்போதும் வீட்டுக்கு வந்து போகிறார்.

இப்படிப்பட்டவருக்கு உலகப்பட ரசிகர் மன்றம் அமைந்தது, எலிக்கு நெல் கிடங்கு அமைந்ததுபோல. மன்றத்தின் வழக்கமே வரிசை போடுவதுதான். அறுபதுகளில் ஏதாவது ஒரே ஓர் ஆண்டை எடுத்துக்கொள்வார்கள். அந்த ஆண்டில் உலகத்தில் எங்கே வெளிவந்த படமானாலும் சரி, தனக்குப் பிடித்த பத்தை ஒவ்வொருவரும் வரிசைப்படுத்தித் தர வேண்டும். முதலிடத்துக்காக வாதாட வேண்டும். கடைசியில் கை தூக்குவார்கள். யாருடைய முதலிடம் ஜெயிக்கிறதோ அவர்தான் அடுத்த தலைவர். எழுபதுகளைத் தொடுவதில்லை. எழுபதுகளில் சினிமாவுக்குக் காது வளர்ந்து கண் சுருங்கிவிட்டது என்பது மன்றத்தின் ஒருமனதான தீர்மானம்.

போன முறை எடுத்துக்கொண்டது அறுபத்து நான்கு. வெளிநாட்டுத் தலைப்புகள் யார் வாயிலும் நுழையாது என்பதால், குதிரைப் படம், ரொட்டிக்கடைப் படம் என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். முதல்தரம் முதலிடம் கொடுத்தது கலங்கரை விளக்கப் படத்துக்கு. கடல் நடுவே ஒரு பாறை. அதன்மேல் ஒரு விளக்குக் கூண்டு. உள்ளே ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, வெளியே புயல். இரண்டு பேரும் படம் முழுக்கப் பேசிக்கொள்வதில்லை. கடைசியில் புயல் ஓய்கிறது. மேசையில் சாப்பிட்ட தட்டுகள் கிடக்கின்றன. அவள் எழுந்து வாசலுக்குப் போகிறாள், திரும்புகிறாள், ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறாள். படம் முடிகிறது.

அந்த வாக்கியத்தைப் பற்றி முதல்தரம் மன்ற மலரில் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பு: 'மனிதனும் அவன் தட்டும்'. ஒவ்வொரு மனிதனும் தன் வாழ்வின் எச்சிலுக்குத் தானே பொறுப்பு என்று அதில் நிறுவியிருந்தார். படம் மன்றத்தில் ஓடிய அன்று, மற்றவர்கள் அந்தக் கடைசிக் காட்சியில் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் கட்டுரையை எல்லோரும் நம்பினார்கள். அதன் பலத்தில் அவர் தலைவராகவும் ஆனார். இன்றுவரை யாராலும் அசைக்க முடியவில்லை.

"அப்போ என்னதான் சொல்றா, டாக்டர்?" என்று கேட்டார் மன்றச் செயலாளர். அவர் அச்சகம் வைத்திருப்பவர். மன்றம் கூடுவதும் அச்சகத்து மாடியில்தான்.

"'காற்று நின்றுவிட்டது'ன்னு கீழே எழுத்துப் போடுது. அவ்வளவுதான். புயல் ஓய்ஞ்சா வேற என்ன சொல்லுவா?"

முதல்தரம் சிரித்தார். இரண்டாம்தர மெத்தையை முதல்தரம் என்று தள்ளிவிடப் பார்க்கும் தொழிலாளியைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது.

"டாக்டர், நீங்க படத்தோட காலைப் பாத்துட்டு வந்திருக்கீங்க. நான் முகத்தைப் பாத்தவன்."

இதுவும் அவர் கொள்கைதான். படத்தின் அடியில் ஓடும் எழுத்தை அவர் படிப்பதில்லை. ஒருத்தரைப் பார்க்கப் போனால் முகத்தைப் பார்த்துப் பேசுவோமா, செருப்பைப் பார்த்துப் பேசுவோமா என்று கேட்பார். எழுத்தைப் படிப்பதற்குப் பக்கத்தில் மனைவி உண்டு. அவள் படித்துக் காதோரம் சொல்வாள். அவர் முகங்களைப் பார்த்துக்கொண்டே நோட்டில் குறித்துக்கொள்வார்.

"எழுத்து வேற எப்படி இருக்கும்?" என்றார் டாக்டர்.

"எழுத்துப் போட்டவன் பயந்தாங்கொள்ளியா இருந்தா அப்படித்தான் இருக்கும். அறுபத்து நாலுல, குடும்பத்தோட பாக்குற படத்துல, புருஷனைப் பாத்து 'தட்டைக் கழுவு'ன்னு எழுத்துல போட்டா கொட்டகையை நொறுக்கியிருக்க மாட்டாங்க? அதான் காத்துன்னு போட்டு மூடிட்டான். எங்க பிரதியில பயப்படாதவன் போட்டிருக்கான்."

மன்றம் தலையாட்டியது. ஆனால் பல் வைத்தியர், வேரோடு பிடுங்காமல் விடுகிறவர் அல்ல.

"இது ஊகம் சார்."

"ஊகமா? அந்த நாட்டு ஆள் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து உக்கார வையுங்க. அவர் காதால கேட்டுச் சொல்லட்டும். தட்டு இல்லேன்னு அவர் சொல்லிட்டா, நான் தலைவர் நாற்காலியை மட்டும் இல்ல, மன்றத்தையே விட்டுப் போறேன். இனி எந்தப் படத்துக்கும் இடம் கொடுக்க மாட்டேன். போதுமா?"

"எழுதிக்கட்டுமா?" என்றார் செயலாளர்.

"தடித்த எழுத்துல எழுதுங்க."

முதல்தரம் படியிறங்கும்போது விசிலடித்துக்கொண்டே போனார்.

வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொன்னார். அவள் ஆஸ்பத்திரியில் விசாரணை மேசையில் வேலை பார்ப்பவள். டாக்டர்கள் பேசும் பேச்சைச் சுருக்கி, உறவுக்காரர்களுக்குப் புரிகிற மாதிரியும் மயக்கம் வராத மாதிரியும் சொல்வது அவள் வேலை.

"அந்த நாட்டு ஆளு யாரும் இந்த ஊர்ல இல்லையே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கிடைப்பாங்க. உலகம் சின்னது" என்றார் முதல்தரம். சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார்.

அவள் தட்டை எடுத்தாள். பிறகு கீழே வைத்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"நான் எப்பக் கோவப்பட்டிருக்கேன்?"

அதற்கான பதில் நீளமானது என்பதால் அவள் அதை விட்டுவிட்டாள்.

"அந்தத் தட்டு வசனம் நான் சொன்னது."

"ஆமா. நீதானே படிச்சுச் சொன்னே."

"படிக்கல. சொன்னேன்."

முதல்தரம் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"அன்னிக்கு விசாரணையில ஒரே கூட்டம். நாள் முழுக்கக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. படத்துல எனக்குக் கண்ணு சொருகுது. நீங்க முழங்கையால இடிச்சு, 'என்ன சொல்றா, என்ன சொல்றா'ன்னீங்க. நிமிந்து பாத்தா எழுத்து போயிடுச்சு. மேசையில தட்டு கிடந்துச்சு. அவ வாசல்ல நின்னு திரும்பிப் பாத்தா. காலையில நம்ம வீட்டுல கிடந்த தட்டு ஞாபகம் வந்துச்சு. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

"அப்போ அது உன் வசனமா?"

"வீட்டுல எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். நீங்க காதுல போட்டுக்கல. படத்துல வந்ததும் நோட்டை எடுத்து எழுதிக்கிட்டீங்க."

முதல்தரம் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனால் சாயவில்லை. சாய்ந்தால் தோற்ற மாதிரி.

"சரி. ஒரு வசனம்தானே. பத்துப் படத்துல ஒரு வசனம் போனா பரவாயில்ல. மூணாமிடம் குதிரைப் படம். போருக்குப் போற தளபதி குதிரைக்காரனைக் கூப்பிட்டு, 'வரும்போது பால் வாங்கிட்டு வா'ங்கறாரே. போரோட அபத்தத்தை இதைவிட யாரும் சொன்னதில்லேன்னு எழுதினேன். அது இருக்குல்ல?"

அவள் தரையைப் பார்த்தாள். "அன்னிக்கு வீட்டுல பால் இல்ல."

"ரெண்டாமிடம் ரொட்டிக்கடைப் படம். அந்தக் கிழவர் சாகறார். எல்லாரும் ஒவ்வொருத்தரா வந்து விளக்கை அணைக்கறாங்க. அந்தச் சாவு—"

"சாகலீங்க. தூங்கறார்."

"பின்ன விளக்கை ஏன் அணைக்கறாங்க?"

"தூங்கறவர் கண்ணுல வெளிச்சம் படக்கூடாதேன்னுதான்."

"நான் நின்னு மௌன அஞ்சலி செலுத்தினேனே!"

"மன்றமே எழுந்து நின்னுச்சு. அப்புறம் எப்படி நான் இல்லேன்னு சொல்றது?"

வேறு யாராக இருந்தாலும் இடிந்துபோயிருப்பார்கள். ஆனால் நல்ல தரப் பரிசோதகர் பழுதைக் கண்டால் பதறமாட்டார். மெத்தையைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பார்.

"பாத்துக்கலாம்" என்றார்.

"நான் வேணும்னா டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடட்டுமா?"

"நீ பேசாம இரு. வரிசை போட்டவன் நான். ஒண்ணு ரெண்டு மாத்தினா முடிஞ்சது. ரொம்பச் சுலபம்."

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே அச்சகத்துக்குப் போனார்.

"செயலாளரே, என் பட்டியல்ல ஒரு சின்னத் திருத்தம். கலங்கரை விளக்கத்தை ஏழாமிடத்துக்கு இறக்கிடலாம்னு பாக்கறேன். திரும்ப யோசிச்சேன். அதுல பாறை கொஞ்சம் அதிகம்."

"தலைவரே, விளையாடாதீங்க!" செயலாளர் ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். ஈரம் காயாத நோட்டீஸ். பாதிப் பக்கத்துக்குக் கொட்டை எழுத்தில்: 'சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவுங்கள்!' அதற்குக் கீழே சிறியதாக: 'வசனம் உண்டா, இல்லையா? சனிக்கிழமை மாலை நேரடித் தீர்ப்பு. அனைவரும் வருக.'

"ஊர் முழுக்கக் கொடுத்தாச்சு. உங்க கம்பெனிக் கேன்டீன்லகூட ஒட்டியிருக்காங்க. அந்தக் கேன்டீன்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்."

"தீர்ப்பு சொல்ல ஆள் வேணுமே?" என்றார் முதல்தரம். அதுதான் அவருடைய கடைசி நம்பிக்கை.

"அதுவும் கிடைச்சாச்சு! ஆஸ்பத்திரியில ஸ்கேன் மெஷின் மாட்ட ஒரு வெளிநாட்டு மெக்கானிக் வந்திருக்கார்ல? அவர் அந்த நாடுதான்."

"யார் சொன்னா?"

"வாட்ச்மேன். பாத்தாலே தெரியுதே தலைவரே. நல்ல உயரம், வெளுத்த முடி. ரெண்டு மூணு வருஷமா ஊர் ஊரா மெஷின் மாட்டறதுல நம்ம பேச்சு அவருக்குச் சரளமா வருது. படம் பாக்க வர்றீங்களான்னு கேட்டேன். 'சாப்பாடு உண்டா?'ன்னு கேட்டார். உண்டுன்னேன். உடனே சரின்னுட்டார். தங்கமான மனுஷன்."

முதல்தரம் அங்கேயே அடுத்த திட்டத்தைப் போட்டார். இடுப்பில் கையை வைத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

"செயலாளரே, சொல்ல மறந்துட்டேன். ரெண்டு நாளா முதுகு பிடிச்சிருக்கு. உங்க மாடிப்படி ஏற முடியாது. கூட்டத்தைத் தள்ளி வச்சுடுங்க. அந்த மெக்கானிக் ஊருக்குப் போனாலும் பரவாயில்ல."

செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "முதுகு வலியோட இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்களா? நீங்க ஏன் படியேறணும்? நாங்க எல்லாரும் உங்க வீட்டுக்கே வந்துடறோம். டிவிடியை டாக்டர் கொண்டுவருவார். நாற்காலியை நான் கொண்டுவர்றேன். நீங்க படுத்துக்கிட்டே பாக்கலாம்."

சொன்னதோடு நிற்காமல், தலைவரின் முதுகு பற்றித் தெரிந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அடுத்த நாள் தொழிற்சாலை மேலாளர் முதல்தரத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"என்ன சார் இது? உங்களுக்கு முதுகுவலியாமே?"

"லேசா சார்."

"லேசாவா? மெத்தைக் கம்பெனியில தரம் பாக்கறவருக்கே முதுகுவலின்னா மெத்தையை எவன் வாங்குவான்? காலையில ஒரு கடைக்காரர் போன் போட்டு, 'உங்க ஆளு எந்த மெத்தையில படுக்கறார்?'ன்னு கேக்கறார். நம்ம மெத்தைதானே?"

"நம்ம மெத்தைதான் சார். முதல்தரம்."

"அப்போ சனிக்கிழமை நான் உங்க வீட்டுக்கு வர்றேன். உங்க முதுகையும் பாக்கறேன், மெத்தையையும் பாக்கறேன், அந்தப் படத்தையும் பாக்கறேன். என் வீட்டுக்காரி இந்த நோட்டீஸைக் கண்ணாடியில ஒட்டி வச்சிருக்கா. அப்படி ஒரு வசனம் படத்துல இல்லேன்னா எனக்கு ரொம்ப நல்லது."

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது முதல்தரம் நிமிர்ந்தே நடந்தார். பாதி வழியில்தான் முதுகுவலி ஞாபகம் வந்து குனிந்துகொண்டார்.

"நான் அந்த மெக்கானிக்கைத் தினமும் பாக்கறேன்" என்றாள் மனைவி. "என் மேசையைத் தாண்டித்தான் போவார். வணக்கம் சொல்லுவார். ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டுமா? தட்டுன்னு சொல்லச் சொல்லி?"

"சாட்சியைக் கலைக்கிறதா?" முதல்தரத்துக்கு உண்மையிலேயே வலித்தது. "முப்பது வருஷம் முத்திரை குத்தின கை இது. ஒரு இரண்டாம்தர மெத்தைக்கு முதல்தரம் குத்தியிருப்பேனா? பொய்யா ஒருத்தரைப் பேச வைக்க மாட்டேன்."

"பின்ன?"

"வர முடியாமப் பண்ணிடுவேன். அது வேற, இது வேற."

சனிக்கிழமை காலை, தொழிற்சாலை கிடங்கிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். குரலைத் தொண்டைக்குள் இறக்கி, மிக உயர்ந்த அதிகாரி ஒருவர் சளி பிடித்திருக்கும்போது பேசுவதுபோல் பேசினார்.

"ஹலோ, மெஷின் கம்பெனித் தலைமை அலுவலகம் பேசறோம். உங்ககிட்ட இருக்கற எங்க மெக்கானிக் உடனே புறப்பட்டு வேற ஊருக்குப் போகணும். அவசரம். இன்னிக்கு மாலைக்குள்ள போயாகணும்."

எதிர்முனையில் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஏங்க" என்றது குரல், "வரும்போது பிஸ்கட் வாங்கிட்டு வாங்க. ஆளுங்க நிறைய வர்றாங்க."

விசாரணை மேசைக்குத்தான் வெளி அழைப்புகள் எல்லாம் வரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அவசரத்தில் மறந்துவிட்டார்.

மாலையில் வீடு நிறைந்துவிட்டது. செயலாளரின் நாற்காலிகள் போதவில்லை. தொழிற்சாலையிலிருந்து மேலாளர் இரண்டு மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டார். அவற்றில் உட்கார்ந்தவர்களிடம் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டார். பல் வைத்தியர் டிவிடியைத் தானே போட்டுச் சரிபார்த்தார். மெக்கானிக் கடைசியாக வந்தார். வாசலில் தலை இடிக்காமல் குனிந்து வந்து எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, சாப்பாடு எந்தப் பக்கம் என்று பார்த்தார். ஒரு தட்டு நிறையக் கொடுத்ததும் சுவரோரம் உட்கார்ந்து மும்முரமாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

முதல்தரம் எல்லோருக்கும் முன்னால் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். உள்ளே என்ன ஓடியதோ, முகத்தில் தலைவருக்குரிய களை குறையவில்லை.

பல் வைத்தியர் பக்கத்தில் வந்து குனிந்தார். குரலில் பகை இல்லை. வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் வைத்தியரின் பரிவு இருந்தது.

"சார், உங்களை மன்றத்தை விட்டு அனுப்பணும்னு எனக்கு ஆசையில்ல. நீங்க இல்லேன்னா சண்டை போட ஆள் ஏது? ஒரே ஒரு வழி இருக்கு. எழுத்தை நீங்க படிக்கல, உங்க வீட்டம்மாதான் படிச்சாங்க. 'அவங்க தப்பாப் படிச்சுட்டாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நானே சபதத்தை ரத்து பண்ணச் சொல்றேன்."

சமையலறை வாசலில் தட்டுகளோடு நின்ற மனைவிக்கும் அது கேட்டது. அவள் தலையை மெல்ல ஆட்டினாள், சொல்லிவிடுங்கள் என்பதுபோல.

முதல்தரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதுகுவலியை அடியோடு மறந்துவிட்டார்.

"டாக்டர், அவ தப்பாப் படிக்கல. அந்த வசனத்தை நான் என் காதால கேட்டேன். என் வரிசையில இருக்கற வசனத்திலேயே அதுதான் முதலிடம். போடுங்க படத்தை."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

படம் ஓடியது. புயல் அடித்தது. அலை பாறையில் மோதியது. இந்த முறை ஒருவரும் நாற்காலியை மடக்கவில்லை. முதல்தரம் வழக்கம்போல் முகங்களை மட்டும் பார்த்தார். இனிமேல் சனிக்கிழமை மாலைகளில் என்ன செய்வது என்ற யோசனையும் ஓரமாக ஓடியது. பேருந்து நிறுத்தங்களை வரிசைப்படுத்தலாம்.

புயல் ஓய்ந்தது. மேசை. இரண்டு தட்டுகள். புருஷன் குழாயில் புகையிலையை அடைக்கிறான். அவள் எழுகிறாள். வாசலுக்குப் போகிறாள். கதவைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறாள். உதடு அசைகிறது.

அடியில் எழுத்து வந்தது. காற்று நின்றுவிட்டது.

"நிறுத்துங்க!" என்றார் செயலாளர். படம் அப்படியே நின்றது. அந்தப் பெண் வாசலில் நின்று எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா, காத்து" என்றார் பல் வைத்தியர்.

"எழுத்து கிடக்கட்டும். அதுக்குத்தானே ஆளைக் கூப்பிட்டிருக்கோம்." செயலாளர் சுவரோரம் திரும்பினார். "ஐயா, நீங்க சொல்லுங்க. அந்தம்மா இப்ப என்ன சொன்னாங்க?"

மெக்கானிக் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். இதையா கேட்கிறார்கள் என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார்.

"இது தெரியலையா உங்களுக்கு?" என்றார். "'சாப்பிட்ட தட்டை நீயே கழுவு'ங்கறாங்க."

வீடு அதிர்ந்தது. சமையலறை வாசலில் ஒரு தட்டு விழுந்து உருண்டது. முதல்தரமும் மற்றவர்களோடு சேர்ந்து சுவரோரம் திரும்பி மெக்கானிக்கைப் பார்த்தார். பிறகு, எதிர்பார்த்த தீர்ப்பை வாங்கிக்கொண்ட முகத்தோடு தலையை ஒருமுறை மட்டும் அசைத்தார்.

"இருங்க, இருங்க" என்று கத்தினார் பல் வைத்தியர். "இவர் நோட்டீஸைப் படிச்சுட்டுச் சொல்றார்!"

"எந்த நோட்டீஸ்?" என்றார் மெக்கானிக். "எனக்கு உங்க பேச்சுதான் வரும். எழுத்துப் படிக்க வராது. நம்பலேன்னா இன்னொரு தடவை போட்டுப் பாருங்க. அந்த முகத்தைப் பாருங்க. வேற என்ன சொல்லுவாங்க?"

இன்னொரு தடவை போட்டார்கள். எல்லோரும் எழுத்தை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க, அதுதான் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் தெளிவாகவே தெரிந்தது. மேலாளர் கையிலிருந்த தட்டைக் கொஞ்சம் பின்னால் மறைத்துக்கொண்டார்.

பல் வைத்தியர் முறையான மனிதர். எழுந்து வந்து முதல்தரத்தின் கையைப் பிடித்தார். "சார், எழுத்தை நம்பி ஏமாந்துட்டேன். முதல் கை என் கை." தூக்கினார். எல்லாக் கையும் எழுந்தது. மேலாளர் ஒரு பக்கம் தலைவரின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"வலிக்குதா?"

"இல்ல சார்."

"கேட்டுக்குங்க எல்லாரும்! நம்ம மெத்தை!"

முதல்தரம் எழுந்து நின்று, அடுத்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஆண்டு அறுபத்தேழு என்று அறிவித்தார். பத்து இடங்களும் தன்னிடம் தயார் என்றும், அதில் முதலிடத்தைப் பற்றி யாரும் சந்தேகம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். கைதட்டல் தெருவரை கேட்டது.

சமையலறையில் மெக்கானிக், சட்டைக் கையை மடித்துக்கொண்டு தன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். முதல்தரத்தின் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கினாள். இத்தனை நாளாகத் தான் இட்டுக்கட்டியது என்று நினைத்திருந்த வசனம் அது.

"தப்பா நினைக்காதீங்க. உண்மையைச் சொல்லுங்க" என்றாள் தாழ்ந்த குரலில். "உங்க மொழியில அந்தம்மா நிஜமாவே அதைத்தான் சொன்னாங்களா?"

"எங்க மொழியா?" என்றார் மெக்கானிக், தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே. "அது எந்த நாட்டு மொழின்னே எனக்குத் தெரியாதும்மா, நான் வேற கண்டம், ஆனா தட்டு மேசையில கிடக்கறப்போ வாசல்ல நின்னு அந்த மாதிரி ஒருத்தி திரும்பிப் பாத்தா, எங்க வீட்டுல அதுக்கு ஒரே அர்த்தம்தான்."